எஸ்தர் அக்கா எழுதிய நுழைவுத் தேர்வு

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. ஆய்வகத்தில் எண்ணெயின் அமிலத்தன்மையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வகத் தலைவர் ராவ் சார் தம் அறைக் கதவைத் திறந்து, தொலைபேசி எனக்கு என்று சைகை காட்டினார். எஸ்தர் அக்காவின் அண்ணன் சாமுவேல் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்.

"தம்பி, எஸ்தர் காலைல எட்டு மணிக்குக் கர்த்தர்கிட்ட போயிட்டா. அடக்கம் நாளைக்கு நாலு மணி. ஒங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிரு" என்றார். நான் ஏதாவது சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சட்டைக் கைகளையும் முழங்கைக்கு மேல் சுருட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் என் தோலைப் பார்த்தேன். எங்காவது நீலமாகக் கன்றியிருக்கிறதா என்று தேடினேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. சபை மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்ன உங்கள் போதகர் ஐயரவர்கள் இப்படி ஒரு தொடக்கத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இதை மறைத்துவிட்டு எஸ்தர் அக்காவைப் பற்றி என்னால் எழுத முடியாது.

இந்த மலரை வாசிப்பவர்களுக்கு அவர்களைப் பாடற்குழுவில் இரண்டாவது வரிசையில் நின்றவர்களாகத் தெரிந்திருக்கும். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் அல்ல. தெலுங்கும் உருதும் பேசும் இந்த ஊரில் அல்வால் பக்கம் இருக்கிறேன், பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஒரு பொதுத்துறை ஆலையின் ஆய்வகத்தில் மூன்று வருஷமாக உதவியாளன். அதே ஆய்வகத்தில் எஸ்தர் கனகமணி அவர்கள் பதினான்கு வருஷம் உதவியாளராக இருந்தார்கள். பதினான்கு வருஷமும் அதே பதவி. ஏனென்றால் அவர்களும் பி.எஸ்சி.தான். எங்கள் ஆலையில் 'கெமிஸ்ட்' என்ற பெயர் வேண்டுமென்றால் எம்.எஸ்சி. வேண்டும். சோதனையை யார் செய்தாலும் அறிக்கையில் கெமிஸ்ட்தான் கையெழுத்துப் போட வேண்டும். எஸ்தர் அக்கா செய்த சோதனைகளுக்கு, அவர்களிடமே வேலை கற்றுக்கொண்ட மூன்று பையன்கள் அடுத்தடுத்து வந்து கையெழுத்துப் போட்டார்கள். அதை அவர்கள் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அறிக்கையை நீட்டும்போது மட்டும், "போடுங்க சார், பேனா மை காஞ்சிரப் போவுது" என்பார்கள்.

நான் சேர்ந்த முதல் நாள் வார்னிஷ் சோதனை. கம்பிச் சுருள்களுக்குப் பூசும் வார்னிஷ் அது. கோப்பையில் ஊற்றி, அடியிலுள்ள துளை வழியாக எத்தனை விநாடியில் வடிகிறது என்று பார்க்க வேண்டும். முடிக்கும்போது விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. சோப்பு போட்டேன், போகவில்லை. பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது.

"ஏல, இங்க வா. கைய நீட்டு."

கைகழுவும் தொட்டியருகே ஒரு தகர டப்பா இருந்தது. அதிலிருந்து என் இரண்டு உள்ளங்கையிலும் பென்சீனை ஊற்றினார்கள். வார்னிஷ் கரைந்து ஓடியது. குளிர்ச்சியாக, இனிப்பான வாசனையோடு இருந்தது.

"இதுதான் இங்க ஞானஸ்நானம். இனிமே நீ லேப்காரன்" என்றார்கள்.

ஐயரவர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அந்தச் சடங்குக்கு அதுதான் பெயர். ராவ் சாருக்கும் முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஊற்றியிருக்கிறார்கள். எஸ்தர் அக்காவுக்கு ராவ் சார் ஊற்றினார். வேதியியல் படித்த நாங்கள்தான் இதைச் செய்தோம். ஒரு தையற்காரரோ சமையற்காரரோ பென்சீனில் கை கழுவ மாட்டார். எது எதைக் கரைக்கும் என்று அவருக்குத் தெரியாது.

போன வருஷம் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு அறிவிப்பைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்கள்.

"நான் எழுதப் போறேன். நீயும் எழுது. எனக்குக் கணக்கு மறந்து போச்சு, நீ சொல்லிக் குடு."

அவர்களுக்கு முப்பத்தைந்து வயது. எனக்கு இருபத்துமூன்று. மதிய இடைவேளையில் தராசு அறையில் உட்கார்ந்தோம். தராசு ஆடக் கூடாது என்று அங்கே மின்விசிறி கிடையாது, கதவும் எப்போதும் சாத்தியிருக்கும். அதனால் யாரும் வரமாட்டார்கள். வேர்த்து ஊற்ற ஊற்றப் படித்தோம். எனக்குப் பொறுமை கிடையாது. இதை எங்கள் வீட்டிலும் சொல்வார்கள்.

"இந்த என்ட்ரோபி என்னதான் சொல்லுதுன்னு இன்னொரு தடவ சொல்லு. கோவப்படாம சொல்லு."

"அக்கா, மூணாவது தடவை சொல்றேன்."

"பைபெட் பிடிக்க ஒனக்கு எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்? ஆசிட்ட வாய்க்குள்ள உறிஞ்சிட்டு நீ பாத்ரூமுக்கு ஓடுனத நான் யார்ட்டயாவது சொன்னேனா?"

"எல்லார்கிட்டயும் சொன்னீங்க."

"சரி, சொன்னேன். நீ என்ட்ரோபியச் சொல்லு."

எனக்கு அந்தப் படிப்பில் நம்பிக்கையில்லை. வங்கித் தேர்வுக்கு அப்பா என்னைத் தயார் செய்துகொண்டிருந்தார். அக்காவிடம் ஒரு நாள் நேராகவே கேட்டேன்: "எம்.எஸ்சி. முடிச்சு என்னக்கா ஆகப்போகுது? எங்க தெருவிலயே ரெண்டு பேர் முடிச்சிருக்காங்க. ஒருத்தன் டை கட்டிக்கிட்டு டாக்டர் வாசல்ல மாத்திரை சாம்பிளோட நிக்கிறான். இன்னொருத்தன் டுடோரியல்ல ஒன்பதாங்கிளாசுக்குப் பாடம் எடுக்கிறான்."

"மூணாவது ஒருத்தி ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடப் போறா. அவளயும் உன் லிஸ்ட்ல சேத்துக்க" என்றார்கள்.

சனிக்கிழமை மதியங்களில் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போவார்கள். ஒரு திங்கட்கிழமை வந்ததும் வராததுமாக, தொட்டியருகே இருந்த பென்சீன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கிடங்கில் வைத்தார்கள். அந்த இடத்தில் ஒரு பாட்டில் கடலை எண்ணெயும் ஒரு தட்டு மரத்தூளும் ஒரு கட்டிச் சோப்பும் வைத்தார்கள். எண்ணெயைத் தேய்த்து, மரத்தூளில் உரசி, பிறகு சோப்பு. பத்து நிமிஷம் பிடிக்கும். ஆய்வகமே கத்தியது. "கைக்கு? இத்னா தின் குச் நை ஹுவா" என்றார் எங்கள் கடைநிலை ஊழியர் யாதகிரி. அத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை, இப்போது எதற்கு என்பது அவர் கேள்வி.

"நக்கோ போலே தோ நக்கோ", வேண்டாமென்றால் வேண்டாம் என்று அக்கா முடித்துவிட்டார்கள்.

ராவ் சாரிடம் எழுத்தில் கொடுத்தார்கள். தொழிற்சாலை நோய்களைப் பற்றிய ஒரு நூலில் பார்த்ததாகவும், பென்சீன் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும் என்றும், ரத்தம் ஊறுவதே நின்றுபோகலாம் என்றும் ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். ராவ் சார் படித்துவிட்டுத் தம் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். "முப்பது வருஷம், எஸ்தர். என்னைப் பார்." ஆனால் டப்பாவைத் திரும்ப வைக்கச் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், கிடங்குக்குப் போய்க் கழுவினேன். பத்து நிமிஷம் மரத்தூளைத் தேய்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியும். அக்கா வேறு பக்கம் பார்க்கும்போது போவேன்; ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வருவேன். இரண்டரை மாதம் இப்படி. நூலில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தேதான் செய்தேன். ஒரு தடவையில் என்ன ஆகிவிடும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. தராசு அறையில் ஒரு மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தோம். எஸ்தர் அக்காவின் விடைத்தாளில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. பிறகு இன்னொன்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சூடு" என்றார்கள். நிற்கவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. புடவைத் தலைப்பு நனைந்தது. கையை உயர்த்தியபோது வளையல் நழுவியது. முழங்கைக்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில் கன்றிய திட்டுகள் நாலைந்து.

"எங்க இடிச்சீங்க?"

"எங்கயும் இல்லல. அப்படித்தான் வருது. நாலு மாசமா."

நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். டப்பாவை எடுத்து வைத்தது இரண்டரை மாதத்துக்கு முன்னால்.

"அப்ப அந்தப் புத்தகத்தை..."

"பாடத்துக்குப் போனேன். பென்சீன் அமைப்பு, ரெசொனன்ஸ், அதுக்குத்தான். பக்கத்து அலமாரியில அந்தப் புக் இருந்துது. பேரப் பாத்து எடுத்தேன். அதுல என் கையப் பத்தி எழுதியிருக்கான், ரகு. தோல்ல காரணமில்லாம கன்னிப்போவும்னு அப்படியே எழுதியிருக்கான்." தலைப்பால் மூக்கை மறுபடி அழுத்திக்கொண்டார்கள். "அடுத்த நாளே ரத்தம் குடுத்தேன். எல்லாம் கொறஞ்சிருக்கு. செவப்பு, வெள்ள, ரெண்டும்."

"நான் இன்னும் கழுவிட்டுத்தான் இருக்கேன்க்கா. கிடங்குல."

தடிமனான பதிவேட்டைத் தூக்கி என் தலையில் அடித்தார்கள். விளையாட்டு அடி இல்லை. இரண்டாவது அடிக்கு ஓங்கி, அதைக் கீழே போட்டுவிட்டு அழுதார்கள்.

"நாந்தானல ஒன் கையில ஊத்தினேன். சிரிச்சிக்கிட்டே ஊத்தினேன்."

ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். தினமும் கேட்டார்கள். நாளைக்கு, நாளைக்கு என்றேன். உண்மையில் பயம். ஊசிக்கு இல்லை, முடிவு எழுதி வரும் தாளுக்கு. பல் தேய்க்கும்போது துப்புவதை உற்றுப் பார்ப்பேன். ஷேவ் செய்வதையே குறைத்துக்கொண்டேன். பஸ்ஸில் யாராவது இடித்தால் அந்த இடத்தை மூன்று நாள் கவனிப்பேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சேகரித்த மாதிரியைப் பரிசோதிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டால் அதிலுள்ளது மாறிவிடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் வேலையில் இருக்கிறவன் நான்.

தேர்வு எழுதினோம். அன்றைக்கு அக்கா நீளக்கை ரவிக்கை போட்டு, மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார்கள். "எவனாவது கேட்டா ஜலதோஷம்னு சொல்லு" என்றார்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து, கடைசி மணி அடிக்கும்வரை எழுதினார்கள். நான் இருபது நிமிஷம் முன்னாலேயே எழுந்துவிட்டேன்.

முடிவு வந்தபோது அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பட்டியலில் அவர்கள் என்னைவிட நாலு இடம் மேலே. அதே வாரம் எனக்கு வங்கியிலிருந்து நியமனக் கடிதமும் வந்திருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அன்று காலையில்தான் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்திருந்தார்கள். முகம் காகிதம்போல இருந்தது. பட்டியலைக் காட்டியதும் எழுந்து உட்காரப் பார்த்தார்கள்.

"நாலு எடம் மேலயா? என்ட்ரோபி சொல்லிக் குடுத்தவன் கீழயா? அண்ணே, இங்க பாரு!" என்று சாமுவேல் அண்ணனைக் கூப்பிட்டார்கள். சிரித்ததில் ஈறிலிருந்து ரத்தம் வந்தது. துணியால் ஒற்றிக்கொண்டு, வங்கிக் கடிதத்தை வாங்கிப் படித்தார்கள்.

"போப் போறியா?"

"ஆமாக்கா. கெமிஸ்ட்ரி வேண்டாம். இனிமே ஒரு பாட்டிலைத் திறக்க மாட்டேன்."

"பயமா இருக்கால?"

"ஆமா."

"எனக்கும்தான். காலைல அந்த ஊசியப் போடும்போது கட்டில் கம்பியப் பிடிச்சிக்கிட்டு, 'ஆண்டவரே, இது வேண்டாம், நான் வீட்டுக்குப் போறேன்'னு கத்தினேன். நர்ஸ் மலையாளத்துக்காரி, பயந்துட்டா." கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் அவர்களே வைத்தார்கள். "பேங்குக்குப் போணும்னா போ. நல்ல வேலைதான். ஆனா பேங்குல போய் உக்காந்தா, ரத்தத்துல இருக்கது இல்லாம போயிருமா? அதச் சொல்லு."

நான் சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"நான் அந்த நூலகத்துக்குப் போகாட்டி, இது என்னன்னே தெரியாம சூடுன்னு சொல்லிக்கிட்டே இருந்திருப்பேன். நீயும் கழுவிக்கிட்டே இருந்திருப்ப. புதுசா ஒருத்தன் வந்தா அவன் கையிலயும் நான்தான் ஊத்தியிருப்பேன்." கண்ணை மூடிக்கொண்டார்கள். "ரத்தம் குடுல. எனக்காவ இல்ல. தெரிஞ்சிக்க."

வெளி டாக்டர்களிடமும் கேட்டுப் பார்த்தோம். எஸ்தர் அக்காவுக்கு வந்தது பென்சீனால்தானா என்று அவர்களும் உறுதியாகச் சொல்லவில்லை. இருக்கலாம் என்றார்கள். அதற்குமேல் எழுதித் தர ஒருவரும் தயாராக இல்லை. அது நியாயம்தான், ஒரே ஒரு மாதிரியை வைத்து நானும் எழுதித் தர மாட்டேன். ஆனால் எனக்குச் சந்தேகமில்லை.

அவர்களுக்கு ஏற்றிய ரத்தம் உடம்பில் தங்கவில்லை. படிப்பு விடுப்புக்கு ஆலை அனுமதி கொடுத்திருந்தது; அந்தத் தாளைப் படுக்கையருகே வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் சேரும் நாளுக்கு ஆறு நாள் முன்னால் போய்விட்டார்கள்.

அடக்கத்துக்கு ஆய்வகத்திலிருந்து எல்லோரும் வந்தோம். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ராவ் சார் பெட்டியருகே நின்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பும்போது வேனில் அவர் தெலுங்கில் மெதுவாக, "நாளைக் காலை எல்லோரும் ரத்தம் கொடுக்கிறோம். நான் முதலில்" என்றார். கிடங்கில் இருந்த பென்சீன் டப்பா அன்றே பூட்டுக்குள் போய்விட்டது.

வியாழன் காலையில் கொடுத்தேன். சனிக்கிழமை தாள் வந்தது. ஆலை மருத்துவமனை வாசலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிரித்தேன். வெள்ளணுக்கள் இருக்க வேண்டிய அளவின் கீழ் விளிம்பில் இருந்தன. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நோய் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்றார். ஆறுதலும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அன்றிரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வங்கிக்குப் போகவில்லை என்றும் சொன்னேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "இத்தனைக்கும் அப்புறம் அதே படிப்பாடா?" என்று மட்டும் கேட்டார். எனக்குள் என்ன நடக்கிறது என்று அடுத்தவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற நிலையில் இருக்க முடியாது என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கே பாதிதான் புரிகிறது. வேலை கிடைக்குமா என்பதும் எனக்குத் தெரியாது.

நேற்று, திங்கட்கிழமை, பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன்.

துறை அலுவலகத்தின் முன் நீளமான வராந்தாவில் எல்லோரும் நின்றோம். எழுத்தர் ஒருவர் பட்டியலை உரக்க வாசித்தார். தகுதி வரிசைப்படி வாசித்ததால், என் பெயருக்கு முன்னால் அவர்கள் பெயர் வந்தது. அவர்கள் வரமாட்டார்கள் என்று யாரும் எழுதித் தரவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

"எஸ்தர் கனகமணி."

வராந்தாவில் மின்விசிறிச் சத்தம்.

"எஸ்தர் கனகமணி! ஹை க்யா? நை?"

மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் நான் கையைத் தூக்கினேன். சிலர் சிரித்தார்கள். எழுத்தர் கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்தார். முன்னால் போய், அவர்கள் போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார்கள் என்று அவர் காதருகே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து, அளவுகோலை வைத்து ஒரு கோடு போட்டு, வேறொரு தாளைப் புரட்டிக் காத்திருப்போர் பட்டியலின் முதல் பெயரை வாசித்தார்.

கடைசித் தூணருகே தன் தந்தையோடு நின்றிருந்த ஒரு பெண்ணின் பெயர் அது. அவளால் நம்ப முடியவில்லை. தந்தை முதுகில் தட்டி, "வெள்ளு தல்லி, வெள்ளு" என்று போகச் சொன்னார். அவள் சான்றிதழ் உறையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து எனக்கு முன்னால் நின்றாள். "இது நிஜமா எனக்குத்தானா? யாராவது வந்துட்டா?" என்று தெலுங்கில் என்னைக் கேட்டாள்.

யாரும் வரமாட்டார்கள், உனக்குத்தான் என்றேன்.

அக்கா, உங்கள் இடம் காலியாக இல்லை. போய் வாருங்கள். எனக்குப் பயம் போகவில்லை.